எனக்கென்று வந்த டப்பா

மார்ச் 3, செவ்வாய்

இன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல், இஸ்திரி போட்ட பேன்ட்டோடு நின்றேன். மூளை ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் தடவை போகிறோம், கொஞ்சம் மரியாதையாகப் போவோம் என்று கருவிப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனதன் பலன்.

கூட மாட்டிக்கொண்ட ஒரு பொண்ணு, "பயப்படாதீங்க சார், மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். என் தொழில் என்ன என்று எந்த வாயால் சொல்வது? "சரிங்க" என்றேன். வந்தவன் போட்டிக் கம்பெனி ஆள். கதவை நெம்பித் திறந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்களா? உள்ள உக்காந்தே ரிப்பேர் பண்றீங்களா?"

அந்தப் பொண்ணு சிரித்த சிரிப்பில் பக்கத்து லிஃப்டும் நின்றிருக்கும். அவள்தான் அங்கே சாப்பாட்டு நிபுணராம். ஆராய்ச்சிக்காக நான் சாப்பிடப்போகிற டப்பாச் சாப்பாடு அவள் கையால்தான் வரப்போகிறதாம். மனசுக்குள் டப்பாப் பொண்ணு என்று பேர் வைத்துவிட்டேன்.

டாக்டர் விஷயத்தை விளக்கினார். என் சம்சாரத்தையும் இவர்தான் பார்க்கிறார். அவளைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில்தான் சுவரில் இந்த ஆராய்ச்சி நோட்டீஸைப் பார்த்தேன்.

"எல்லார் மூளையிலயும் தினமும் ஒரு புரதம் உண்டாகுது. நல்லா இருக்கிற மூளை அதை அப்பப்ப வெளியே தள்ளிடும். தள்ளாம தேங்கினா வருஷக்கணக்குல திட்டுத்திட்டாப் படிஞ்சிரும். உங்க வீட்டம்மா மூளையிலயும் அது படிஞ்சிருக்கு." வெண்ணெய், கிரீம், கொழுப்புக் கறி, இதிலெல்லாம் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த வெளியே தள்ளுகிற வேலை மந்தமாகிறதோ என்று ஒரு சந்தேகமாம்.

"அப்ப குப்பை இறக்குற லிஃப்ட் ரிப்பேராகி, குப்பை எல்லாம் மாடியிலயே நிக்குது. சரிதானே டாக்டர்?"

"ஓரளவுக்கு. ஆனா லிஃப்ட் ஒண்ணுதான்னு நினைக்காதீங்க, பல வழி இருக்கு. எது எவ்வளவு கெடுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களை ஏன் கூப்பிடப்போறோம்?"

நாலு வாரம் அவர்கள் கொடுக்கிறதை மட்டும் சாப்பிட வேண்டும். ஒரு கூட்டத்துக்குக் கொழுப்பு அதிகம், ஒரு கூட்டத்துக்குக் குறைவு. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் உடம்பு எடை மாறாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். நாலு சொன்னேன். ஐந்தாவது 'பூட்டு'. படியில் இறங்கும்போது ஞாபகம் வந்தது. ஆமாம், படியில்தான் இறங்கினேன்.

நிறைவுற்ற கொழுப்பு. பேரைப் பாரு. எங்க வீட்ல நிறைவா இருக்கப்போறது அது ஒண்ணுதான்.

மார்ச் 4, புதன்

ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மேஸ்திரி என் டூல் பையில் ஒரு விசில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த தடவை ஊதணுமாம்.

மார்ச் 5, வியாழன்

பகலில் சம்சாரத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா, நான் தெருமுனையில் வருவதை ஜன்னலில் பார்த்ததுமே இறங்கிவிடுவார். இன்றும் படியில் எதிரே வந்தார். "காலையில ரெண்டு வாய், மத்தியானம் ஒரு வாய். அவ்வளவுதாங்க இறங்குச்சு. நாளுக்கு நாள் துணி தொளதொளன்னு ஆகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே வந்து மணி அடித்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

கதவுக்கு வெளியே நிற்கிற எந்தப் புருஷனும் பேரா சொல்லுவான்? நான்தான். அது போதும், குரல் மிச்சத்தைச் சொல்லும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வார்த்தைக்குத்தான் கதவு திறந்தது. இன்று திறக்கவில்லை.

"நான்தான்மா."

"வீட்ல ஆம்பளை யாரும் இல்லை. அப்புறமா வாங்க."

பூட்டு உள்பக்கம். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடம் ஒரு சிரிப்புச் சிரித்தேன் — சொந்த வீட்டு வாசலில் நிற்கிறவன் சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்குமோ அப்படி. கடைசியில் அவளே கதவுத் துவாரத்தில் பார்த்திருக்கிறாள். சட்டையில் கம்பெனி முத்திரை தெரிந்திருக்கும்.

"லிஃப்ட் ரிப்பேரா?"

"ஆமாங்க."

கதவு திறந்தது. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "ஏங்க, சீக்கிரம் முடிச்சிருவீங்கல்ல?" என்றாள். அதே 'ஏங்க'தான். முன்னே அது என்னை மட்டும் கூப்பிட்டது.

"கொஞ்சம் வேலை பாக்கி இருக்குங்க" என்றேன். பின்னே? முடிந்தது என்றால் கிளம்பச் சொல்லிவிடுவாளே.

எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. அந்த வகையில் வேலை முடியவே முடியாது.

மார்ச் 9, திங்கள்

முதுகில் ஊசி. பிரசவ வலி பற்றி அவள் சொன்னபோது நான் அடித்த ஜோக்குக்கெல்லாம் இன்று மனசார வருத்தப்பட்டேன். நர்ஸ் "அவ்வளவுதான் சார், முடிஞ்சிருச்சு" என்று சொன்னபோது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் முதல் டப்பா. மூடி போட்ட, தடுப்புத் தடுப்பான பெரிய டப்பா, வேளைக்கு ஒன்று, மேலே என் நம்பர். சாப்பிட்டு முடித்ததும் அப்படியே கழுவாமல் திருப்பித் தர வேண்டும், மிச்சத்தை எடை போடுவார்களாம். திறந்தேன். கிரீம் மிதக்கிற சூப், வெண்ணெய் தடவிய ரொட்டி, சீஸ் உருகி வழிகிற உருளைக்கிழங்கு. எந்தக் கூட்டம் என்று சொல்ல மாட்டோம் என்றார்களே! கிரீஸில் கை விட்டே நரைத்தவன் நான். விரலில் தொட்டாலே தெரியாதா?

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று இவள் அடிக்கடி திட்டுவாள். இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

ஏழு மணிக்கு டப்பாப் பொண்ணு ஃபோன் பண்ணினாள். தினமும் பண்ணுவாளாம், அது அவள் வேலையாம்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன்மா."

"முழுசா?"

"டப்பாவைத் தவிர எல்லாம்."

சிரித்தாள். "பிடிச்சிருந்துச்சா? வயிறு ஒண்ணும் பண்ணலையே? தண்ணி நிறையக் குடிங்க" என்று நாலு வார்த்தை. வைத்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாப்பிட்டாயா என்று என்னை யார் கடைசியாகக் கேட்டார்கள்? யோசித்துப் பார்த்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், 'அம்மா சாப்பிட்டாங்களா' என்பாள். நியாயமான கேள்விதான். ஒர்க்‌ஷாப்பில் 'சாப்பாட்டு நேரம் முடிஞ்சுதா' என்பார்கள். அது வேற கேள்வி.

மார்ச் 12, வியாழன்

சந்தோஷமா பயமா, தெரியலை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவளுக்குத் தட்டில் வேகவைத்த காய், கஞ்சி. மகளின் உத்தரவு அது. அவள் வேற ஊரில் வேலை பார்த்துக்கொண்டே ஃபோனில் எங்கள் சமையலறையை நடத்துகிறாள். எங்கேயோ படித்துவிட்டு, "அம்மாவுக்கு வெண்ணெய், கிரீம், சீஸ் எதுவும் கூடாதுப்பா, மூளைக்கு ஆகாது" என்று சொல்லி ஆறு மாசமாச்சு. அன்றிலிருந்து வீட்டில் வெண்ணெய் வாங்குவதில்லை. தட்டைப் பார்த்ததும் இவள் வழக்கம் போல, "எனக்கு வேண்டாங்க, பசியில்லை."

நான் என் டப்பாவைத் திறந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

வேலைக்கு வந்தவனின் சாப்பாட்டு டப்பாவைப் பார்க்கிற மாதிரிதான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் ஸ்பூனை வாங்கி, சூப்பில் ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். அப்புறம் ரொட்டி. விரலில் ஒட்டிய வெண்ணெயைக்கூட விடவில்லை. ஆறு மாசத்தில் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனபோது நான் வேலையிலிருந்து வந்ததும் டிபன் டப்பாவை முதலில் திறந்து பார்ப்பாள், மிச்சம் இருந்தால் நின்றபடியே தின்பாள். அந்தக் கை அப்படியே இருக்கிறது.

பாதியை எடுத்து அவள் தட்டில் போட்டுப் பார்த்தேன். "எனக்கு வேண்டாங்க." டப்பாவில் திரும்பப் போட்டேன். சாப்பிட்டாள்.

ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. "முழுசா சாப்பிட்டீங்களா சார்?"

"முழுசா" என்றேன்.

டப்பா காலிதானே?

மார்ச் 13, வெள்ளி

காலையிலும் சாப்பிட்டாள். எனக்கு மத்தியான டப்பா மட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். "அம்மா சாப்பிட்டாங்களாப்பா?"

"நல்லாச் சாப்பிடறா."

"நிஜமாவா? அந்தக் கஞ்சியா?"

"ம்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல, வெண்ணெயை நிறுத்தினா எல்லாம் சரியாகும்னு." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். சின்ன வயசில் பரீட்சை மார்க்கைச் சொல்கிற குரல். உடைக்க மனசு வரவில்லை.

ஒரு ஆராய்ச்சிக்குப் பொய், ஒரு மகளுக்குப் பொய். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பது எனக்குப் புதுசில்லை.

ஆனால் உண்மையில் பயமாக இருக்கிறது. எந்தக் கொழுப்பு மூளையைக் கெடுக்குதோ என்று நாலு வாரம் சோதிக்கிறார்களோ, அதே கொழுப்பைத்தான் கெட்டுப்போன மூளைக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறேன். இவளுக்கு மிச்சம் இருக்கிற நாலைந்து ஞாபகத்தையும் நானே வழித்துப் போடுகிறேனா? கொடுத்தால் மூளை போகும், கொடுக்காவிட்டால் உடம்பு போகும். எதைப் பிடிக்க, எதை விட?

மார்ச் 17, செவ்வாய்

எடை பார்த்தார்கள். குறைந்திருக்கிறது. டப்பாப் பொண்ணு நெற்றியைச் சுருக்கினாள். "மிச்சமே வைக்க மாட்டேங்கறீங்க, அப்புறம் எப்படிக் குறையுது? ஓடியாடி நிறைய வேலையா?"

"லிஃப்ட் ரிப்பேர்னா படி ஏறித்தான்மா போகணும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு அளவைக் கூட்டறேன் சார்."

வெளியே சாப்பிடக் கூடாது என்ற விதியை மட்டும் நான் மீறவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஒழுக்கசீலன். பசிக்குத் தண்ணீர்.

மார்ச் 20, வெள்ளி

பெரிய டப்பா வந்தது. அவள் பெரிய டப்பாவையும் காலி செய்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

பார்த்துக்கொள்கிற அக்கா லீவு. நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேர். காலையில் என்னைப் பார்த்து, "என்னங்க, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்று பரிதாபப்பட்டாள். "மேலதிகாரி மோசமான ஆளுங்க" என்றேன். "இப்படி உழைச்சா வீட்ல பொண்டாட்டி பேசாம இருப்பாளா?" என்றாள். "அவ எப்பவோ பேச்சை நிறுத்திட்டாங்க" என்றேன். ஏதோ பெரிய ஜோக் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய, கேட்பதற்குச் சரியாகத்தானே இருந்தது.

அப்புறம் மத்தியானம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல் பக்கம் அவள், சுவர்ப் பக்கம் நான். ரயில் நிலையத்தில் வேற வேற வண்டிக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி.

மார்ச் 24, செவ்வாய்

எடை மறுபடி இறங்கியிருக்கிறது. டப்பாப் பொண்ணு அளவை இன்னும் கூட்டியிருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து மேஸ்திரி, "என்னப்பா, பேட்டரியா?" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா சொன்னார்: "அம்மாவுக்குக் கன்னம் நிமிர்ந்திருக்குங்க. உங்களுக்குத்தான் விழுந்துருச்சு. ரெண்டு பேரும் ஒரே கன்னத்தை மாத்தி மாத்திப் போட்டுக்கறீங்களா?"

மார்ச் 31, செவ்வாய்

டப்பாப் பொண்ணு இன்று சிரிக்கவே இல்லை. எடையைப் பார்த்துவிட்டு என்னைத் தனி அறைக்குக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"சார், இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு இளைக்குதுன்னா அதை நாங்க சும்மா விட முடியாது. தைராய்டு, சர்க்கரை, வயித்துல ஏதாவது கட்டி... எல்லாம் பாத்துரணும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாளன்னைக்கு ஸ்கேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா."

"எங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னார்." அதோடு நிறுத்திக்கொண்டாள். கண் கலங்கின மாதிரி இருந்தது, ஃபைலைத் திருப்புகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். எனக்காக ஒருத்தி கவலைப்படுகிறாள் — இல்லாத கட்டிக்காக. அந்தப் பொண்ணு இன்னைக்கு ராத்திரி தூங்குவாளா? நான் என்ன மனுஷன்?

ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

சொல்லிவிட்டேன்.

ஏழு மணிக்கு அடித்த முதல் மணியிலேயே எடுத்தேன். அவள் "சாப்பி—" என்று ஆரம்பிப்பதற்குள், "இல்லம்மா, நான் சாப்பிடலை. மூணு வாரமாச் சாப்பிடலை. என் சம்சாரம் சாப்பிட்டா" என்றேன். அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டேன். தட்டில் போட்டால் தொடமாட்டாள், டப்பாவில் இருந்தால்தான் சாப்பிடுவாள், என்னை லிஃப்ட் ரிப்பேர்காரன் என்று நினைக்கிறாள், கட்டடத்தில் லிஃப்டே கிடையாது — அதைக்கூடச் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ.

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இன்னைக்குத் தேதி என்னன்னு தெரியுமா சார்? ஏமாத்தறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

எத்தனை பேர் உழைப்பு, எத்தனை டப்பா சமைத்திருப்பார்கள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப ஸ்கேன் வேண்டாம்" என்றாள். பெருமூச்சு விட்டது கேட்டது. அப்புறம், "அம்மா இன்னைக்குச் சாப்பிட்டாங்களா?"

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் கணக்கை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்களாம், இரண்டாவது ஊசி வேண்டாமாம். "உண்மையைச் சொன்னீங்களே, அதுவே பெருசு. சொல்லாம இருந்தா உங்க நம்பர் எங்க முடிவையே கெடுத்திருக்கும்" என்றார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "டாக்டர், நான் அவளுக்கு விஷத்தைக் குடுத்துட்டேனா?"

"அப்படி நினைக்காதீங்க. இந்த நிலைமையில அவங்களுக்கு எடை குறையறதுதான் ஆபத்து. எது இறங்குதோ அதைக் குடுங்க. வெண்ணெய், கிரீம், எது வேணா."

"எது வேணாவா? அப்ப கொழுப்பு?"

"அந்தக் கேள்வி உங்களுக்கு. உங்க பொண்ணுக்கு. வருஷக்கணக்குல என்ன சாப்பிட்டா என்ன படியும்கிறதுதான் எங்க ஆராய்ச்சி. இன்னும் படியாத மூளைக்கு. அவங்களுக்கு இப்ப..."

அதோடு விட்டுவிட்டார். டாக்டர்கள் பாதியில் விடுகிற வாக்கியத்தை முடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

"இத்தனை வருஷம் சம்பள நாளுக்குச் சம்பள நாள் கிரீம் கேக் வாங்கிக் குடுத்தேனே டாக்டர், அதுவா?"

"ஒரு கேக் மேல பழி போட முடிஞ்சா என் வேலை சுலபமாயிடும். வயசு, பரம்பரை, ரத்த அழுத்தம், தூக்கம், எவ்வளவோ இருக்கு. உங்க கேக் எந்த ஓரத்துல நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

எது வேணா குடுங்க. எவ்வளவு நல்ல வார்த்தை. விசேஷ வீட்டில் சொல்கிற வார்த்தை. ஆனால் கழற்றிப் போடப்போகிற லிஃப்டில், 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' பலகையை நாங்கள் முதலில் எடுத்துவிடுவோம். இனி எத்தனை பேர் ஏறினால் என்ன? அந்தப் பலகையை இன்றைக்கு என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வாசலில் டப்பாப் பொண்ணு நின்றாள். கையில் காலி டப்பா, கழுவித் துடைத்தது, நம்பரைச் சுரண்டி எடுத்திருந்தாள்.

"இதை நீங்க வெச்சுக்கங்க சார். டப்பாவுல இருந்தாத்தானே சாப்பிடுவாங்க?"

"நன்றிம்மா" என்று சொன்னேனா இல்லையா, ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். லிஃப்டில் இறங்கினோம், அவளும் நானும். இன்று நிற்கவில்லை. நின்றிருக்கலாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகளிடம் எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"அப்ப நான் ஆறு மாசமா அம்மாவைப் பட்டினி போட்டேனாப்பா?"

"சேச்சே. நீ படிச்சது தப்பில்லடா. ஆள்தான் மாறிப்போச்சு. அது நமக்கு எழுதினதாம், உனக்கும் எனக்கும்."

அப்புறம் சின்னக் குரலில், "எனக்கும் வருமாப்பா?"

"உனக்கு என் புத்தி. மறக்கறதுக்கு முதல்ல ஏதாவது இருக்கணும்ல?"

சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. "நீயாவது வெண்ணெயைத் தொடாதப்பா. சந்தேகம்தான்னாலும் பரவாயில்லை, தொடாத. எனக்கு மிச்சம் ஒரே ஒரு ஆள். அவருக்காவது கடைசி வரைக்கும் நான் யாருன்னு தெரியணும்."

"தொட மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஏழு மணி. ஃபோன் சார்ஜில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

வெண்ணெய் வாங்கினேன். ஆறு மாசம் கழித்து. கடைக்காரர் "என்ன விசேஷம்?" என்றார்.

கிரீம் சூப் வைக்கக் கற்றுக்கொள்கிறேன். முதல் தடவை திரிந்துவிட்டது. இரண்டாவது தடவை பசை. சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம்.

ஏப்ரல் 11, சனி

சமையலறையில் நான் டப்பாவை நிரப்புவதைப் பார்த்துவிட்டாள். "எங்க வீட்டு அடுப்புல நீங்க ஏன் சமைக்கறீங்க?" என்று ஒரே ரகளை. டப்பாவைத் தொடவே இல்லை. சரிதான், ரிப்பேர் பார்க்க வந்தவனுக்கு அடுப்பில் என்ன வேலை?

ஏப்ரல் 13, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். அக்கா இருக்கும்போதே வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, பின்பக்கப் படி வழியாகச் சமையலறைக்குள் போய், சூப், ரொட்டி, வெண்ணெய் எல்லாம் டப்பாவில் அடைத்து, டூல் பையோடு படி இறங்கி, ஒரு சுற்றுப் போய், முன்வாசல் மணி அடிக்கிறேன். "யாரு?" "லிஃப்ட் ரிப்பேருங்க." உள்ளே வந்து டப்பாவைத் திறக்கிறேன். சாப்பிடுகிறாள்.

சொந்த வீட்டிலிருந்து திருடி, சொந்த வீட்டுக்கே கொண்டு வருகிற திருடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அக்காவுக்கு இந்த நாடகம் ரொம்பப் பிடித்துவிட்டது. படியில் காவல் நிற்கிறார்.

எனக்கு வேகவைத்த காய், கஞ்சி. மகளின் ஆறு மாச உத்தரவு இப்போது என் வாய்க்கு. உப்பில்லாமல் இதை எப்படி இவள் இத்தனை நாள் சகித்தாள்?

ஏப்ரல் 22, புதன்

மழை. நனைந்துகொண்டே சுற்றிப் போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். "தலையைத் துவட்டுங்க முதல்ல. வேலை எங்கயும் போயிடாது."

டப்பாவைத் திறந்தேன். சூப் இன்று ஒழுங்காக வந்திருந்தது. நான் என் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் சாப்பிட்டவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

சுவரில் மணி பார்த்தேன். ஏழு கூட ஆகவில்லை. ஏழேதான் ஆகணும் என்று ஒன்றும் இல்லையே.

"சாப்பிடணுங்க."

ரொட்டியைப் பிட்டாள். வெண்ணெயை ஸ்பூனின் பின்பக்கத்தால் வழித்து, ஓரம்வரை, தடியாகத் தடவினாள். நீட்டினாள். "பிடிங்க. உழைக்கிற உடம்பு. இந்தக் கஞ்சி எந்த மூலைக்கு?"

நான் தயங்கினேன். அவள் கையை எடுக்கவில்லை. வாங்கி, சாப்பிட்டேன். நான் மென்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள், முன்னெல்லாம் பார்ப்பாளே அப்படி. மகளே, ஒரு துண்டுதான். ஒரே ஒரு துண்டு.

"உங்களுக்கு வீடு எங்க?"

"பக்கத்துலதாங்க."

"வீட்ல யாரு இருக்கா?"

"சம்சாரம்."

முகம் மாறிவிட்டது. "அட, முதல்ல சொல்லக் கூடாதா? மழையில நீங்க வரலைன்னா அவங்க வாசலையும் ஜன்னலையும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்களா? போதும், கிளம்புங்க."

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி—"

"நாளைக்குப் பாத்துக்கலாம். லிஃப்ட் இல்லாம யாரும் செத்துப்போயிட மாட்டாங்க. பாவம், அந்தம்மா."

எழுந்து வந்து என் டூல் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். "படி வழுக்கும், பாத்துப் போங்க." கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

படிக்கட்டு விளக்கு தானாக அணைகிறது எங்கள் கட்டடத்தில். அணைந்தது. எதிர்வீட்டில் யாரோ தட்டு கழுவுகிற சத்தம். எங்கள் வீட்டுக்குள் அவள் நடக்கிற சத்தம் ஜன்னல் பக்கம் போய் நின்றது. யாருக்காகப் பார்க்கிறாள்?

கொஞ்ச நேரம் விட்டு மணி அடித்தேன்.

"யாரு?"

"லிஃப்ட் ரிப்பேருங்க. டப்பாவை மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன்."

தாழ்ப்பாள் திறந்தது. "நல்ல ஆளுங்க நீங்க" என்று சிரித்துக்கொண்டே வழிவிட்டாள்.

நான்தான் — தொண்டை வரைக்கும் வந்தது. வெண்ணெய் ருசியோடு சேர்த்து முழுங்கிட்டேன்.